மேல் வரிசைத் துளைகள்

பாப்பா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுவிட்டால் மற்றதைப் படிக்க உனக்குத் தெம்பு வரும். அடுப்பு எரிகிறது. ஆமாம், அதே பெல்லட் அடுப்புதான். ஒன்றரை வருஷமாகக் குளியலறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததே, அதைத்தான் வெளியே இழுத்துவந்து, நேற்று முற்றத்தில் வைத்துப் பற்றவைத்தோம். கால் மணி நேரத்தில் ஒரு அண்டா தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டது. புகை இல்லை. அம்மா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த அடுப்பைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டதும் எனக்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. உட்கார்ந்தும் விட்டேன், ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் நாலு பக்கம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். அம்மாவின் உத்தரவு. "போன்ல சொல்லாதீங்க. நீங்க போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டு, சொல்ல வேண்டிய ஒண்ணை மட்டும் சொல்லாம வெச்சிடுவீங்க. எழுதுங்க. எழுதி எங்கிட்ட படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க" என்றுவிட்டாள். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு என்னைத் தெரியாதா? அதனால் அந்த ஒன்றை இங்கேயே, முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். அன்று அடுப்பைக் கெடுத்தது நீ இல்லை. நான். மேல் வரிசைத் துளைகளை அடைத்தவன் நான். உனக்கு இது தெரியும் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

போன வாரம் நீ ஓசூரிலிருந்து கூப்பிட்டபோது போகிற போக்கில் ஒன்று சொன்னாயே: "அப்பா, பரண் மேல என் டூல் பாக்ஸ் கெடக்குது. யாருக்காவது வேணும்னா குடுத்துடுங்க. இனிமே எனக்கு எதுக்கு?" நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அது சாதாரணமாக இல்லை. பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் சம்பளம் வாங்கிய அன்று, சுடிதார் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நீ. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் வெளியே சிரித்துவிட்டு உள்ளே கொஞ்சம் பெருமைப்பட்டேன். அதை இப்போது யாருக்காவது கொடு என்கிறாய். சரி, அம்மாவுக்குச் சட்னி அரைக்க வருகிற செல்வியின் மகனுக்குக் கொடுக்கலாம் என்று பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். மேல் தட்டில் ஸ்பேனர்கள், டிரில் பிட்டுகள், உன் கோடு போட்ட நோட்டு. அடித்தட்டில், மாவு பாக்கெட் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பொட்டலம். பிரித்தேன். ஒரு முழம் செராமிக் கயிறு, உலை இடுக்குகளை அடைக்கிற கயிறு. அதன் மேல் காய்ந்து இறுகிப்போன, சூடு தாங்குகிற ஃபயர் சிமெண்ட். சிமெண்டில் அழுத்திய கட்டைவிரல் தடம், நுனி இல்லாத கட்டைவிரல்.

நம் வெள்ளானூரில் எத்தனையோ பேர் இருக்கலாம். கம்பெனியில் உலைக் கதவு நசுக்கி வலது கட்டைவிரலின் நுனியை இழந்தவன் நம் வீட்டில் ஒருவன்தான். நீ அதைப் பார்த்திருக்கிறாய். அன்றைக்கே பார்த்திருக்கிறாய். பார்த்து, பிடுங்கி எடுத்து, சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து, "என் தப்புதாம்மா" என்று சொல்லியிருக்கிறாய். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதை நான் ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சாக்குச் சொல்வதற்காக இல்லை. எப்படிப்பட்ட முட்டாள்தனம் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் கிடைப்பது திண்டாட்டமாகி, அம்மா தன் டிபன் ஆர்டர்களை வைத்துக்கொண்டு விழித்தபோது, அந்தப் பெல்லட் அடுப்பை வாங்கினோம். கடலைத் தோலையும் மரத்தூளையும் அழுத்திச் செய்த குச்சிகளைக் கொட்டி, அடியில் சின்னக் காற்றாடியைப் போட்டால் சீறிக்கொண்டு எரிந்தது. சீறியது, அவ்வளவுதான். பாத்திரத்தின் அடி கருகியது, அடுப்பின் பக்கவாட்டுச் சூட்டில் அம்மாவின் முழங்கை சிவந்து தோல் உரிந்தது, மூட்டை மூட்டையாகக் குச்சி தீர்ந்தது. நீதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தாய். உள் சட்டிக்கும் வெளித் தகரத்துக்கும் நடுவில் செராமிக் கம்பளியைச் சுற்றினாய். விளிம்பில் ஃபயர் சிமெண்ட் பூசினாய். காற்றாடி வாய்க்கு எவர்சில்வர் டிபன் மூடி ஒன்றை வெட்டித் தள்ளுகதவு செய்தாய். சட்டியின் மேல் விளிம்பை ஒட்டி இருந்த துளைகளை டிரில் போட்டுக் கொஞ்சம் பெரிதாக்கினாய். கம்பளித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்று முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னம்மா, ராக்கெட்டா விடப்போற? நான் இதையெல்லாம் வெறுங்கையால பிச்சுப் போட்டவன்" என்று கேலி செய்தேன். "அதனாலதாம்ப்பா மழைக்காலம் வந்தா இருமுறீங்க" என்றாய் நிமிராமல்.

அடுப்பு அன்று எரிந்ததை நான் மறக்கவில்லை. மேல் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்ன மஞ்சள் நாக்கு கிளம்பி நடுவில் ஒன்றாகச் சேர்ந்தது. சத்தம் அடங்கியது. அம்மா அடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்துவிட்டு எடுக்காமலேயே நின்று, "சுடலியே" என்று ஆச்சரியப்பட்டாள். தள்ளுகதவின் மேல் நீ சாக்பீஸால் கோடு போட்டு, பற்றவைக்க இவ்வளவு, கொதிக்க இவ்வளவு, சிம்முக்கு இவ்வளவு என்று எழுதிக்கொடுத்தாய். அடுத்த நாளே எதிர் அபார்ட்மெண்டிலிருந்து வந்த பையன்களிடம் அம்மா, "எங்க பொண்ணு பண்ணது" என்று அடுப்பைக் காட்டினாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. இதுதான் விஷயம், பாப்பா. இருபத்தெட்டு வருஷம் இரும்புச் சாமான்களைச் சுட்டுப் பதமேற்றுகிற ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்பில் உலை பார்த்தவன் அதே வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பெனியை மூடி எங்களை அனுப்பிய பிறகு, என் கைக்குத் தெரிந்தது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. வீட்டிலேயே சூடு சம்பந்தமாக ஒரு வேலை நடக்கிறது, அதற்குக்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீயே கூப்பிட்டிருப்பாய். சொல்லவில்லை. சின்னப் பிள்ளையாட்டம் மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஷாப்பில் காற்று என்பது எதிரி. நீ ஆயுத பூஜைக்கு வந்து பார்த்திருக்கிறாய், உலைக் கதவைச் சுற்றிக் கயிறு வைத்து அடைத்திருப்போமே. மயிரிழை இடைவெளியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அங்கே சூடு வெளியே போகிறது, காற்று உள்ளே போகிறது, சரக்கு கருகிப் பொருக்குத் தட்டிவிடும். உடனே கயிற்றைத் திணி, சிமெண்டைப் பூசு. இருபத்தெட்டு வருஷம் என் கை இதைத்தான் செய்தது. உன் அடுப்பின் மேல் துளைகளை நான் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சூப்பர்வைசர் என் காதில் கத்துவார். இவ்வளவு ஓட்டை போட்டு வைத்திருக்கிறாளே, சூடெல்லாம் வீணாகிறதே, இதை அடைத்தால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றியது. நான் பார்த்ததெல்லாம் கரண்ட் உலை என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. சுருள் கம்பி பழுத்துச் சூடு தருகிற உலை. அதற்குக் காற்று வேண்டாம். எனக்குச் சூடு தெரியும், நெருப்பு தெரியாது. அடியில் போகிற காற்று குச்சியைப் புகைய வைக்கும், மேலே வருகிற காற்றுதான் அந்தப் புகையைக் கொளுத்தும் என்று உன் நோட்டில் படம் போட்டு எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாய். அதை நான் படித்தது முந்தாநாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் நீயும் அம்மாவும் ஆவடிக்குத் துணி எடுக்கப் போனீர்கள். பழைய ஷாப்பிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கயிறு என்னிடம் இருந்தது. உன் சிமெண்ட் டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது. ஒரு மணி நேர வேலை. துளைகளுக்குப் பின்புறமாகக் கயிற்றை ஓட்டி, கட்டைவிரலால் சிமெண்டை வைத்து அழுத்தி, வழவழவென்று தடவிவிட்டேன். நல்ல வேலை, பாப்பா. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பிசிறு இல்லாத வேலை. மறுநாள் அடுப்பு முன்னைவிட நன்றாக எரியும், அம்மா ஆச்சரியப்படுவாள், அப்போது மெதுவாக, "அதுவா, நான்தான் ஒரு சின்ன வேலை பார்த்தேன்" என்று சொல்லலாம் என்று அந்த வசனத்தைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மழை. சாரல் மாவுப் பாத்திரத்தில் அடிக்கிறது என்று அம்மா சமையல் ஷெட்டின் ஷட்டரை இறக்கி, ஜன்னலையும் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். புகைந்தது. மழையில் குச்சி நமத்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டு, குனிந்து குனிந்து பார்த்து, காற்றாடியைக் கூட்டியிருக்கிறாள். ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருப்பார்களே என்ற கவலையில் வெளியே வரவும் தோன்றவில்லை. நான் தேங்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், நீ வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது செல்வியின் குரல்தான் தெருமுனைவரைக்கும் கேட்டது. "அய்யோ, யாராச்சும் வாங்களேன்! அக்கா உள்ள உய்ந்து கெடக்குது! ஊடு பூரா பொகையா கீது!" செல்வி சட்னி அரைக்க வருகிற நேரம் அது. பத்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால்? இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறாள். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

நானும் செல்வியும் அவளை வெளியே இழுத்து, மழையிலேயே படுக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஓடினோம். சத்தம் கேட்டு எழுந்து வந்த நீ, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கினாய். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடி வைத்துவிட்டு, "மூடின ரூம்ல அடுப்பு எரிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சாயங்காலம் அம்மா கண் விழித்துப் பேசினாள். பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்த அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் நீ சொல்லிவிட்டாய். "என் தப்புதாம்மா. நான் மாத்தி வெச்சதுதான்." அம்மா உன்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இனிமே என் சமையல்கட்டுல கை வைக்காதே" என்றாள். பயத்தில் சொன்ன வார்த்தை. நீ சரிம்மா என்றாய். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நிரப்பப் போவது மாதிரி வெளியே போய்விட்டேன். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது அடுப்பு துண்டு துண்டாகக் கழன்று கிடந்தது. கயிறு இல்லை. ஆத்திரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டாய், கவனித்திருக்க மாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அம்மா பழையபடி கேஸுக்குப் போனாள். நீ டிரில்லைத் தொடவில்லை. கம்பெனியில் பட்டறைப் பக்கத்தை விட்டுவிட்டு ஆபீஸ் சீட்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாய். "உக்காந்து பாக்கிற வேலை, நல்லதுதானே" என்று அம்மா சொன்னபோது நானும் நல்லதுதான் என்றேன். என்னைப் பற்றிக் கேட்டால், எனக்கு அந்த ஒன்றரை வருஷம் நல்ல காலம். அம்மாவுக்கு உடம்பு தேற நான் உதவப் போய், சமையல் ஷெட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். தேங்காய் துருவுவது, பார்சல் கட்டுவது, வண்டியில் அபார்ட்மெண்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் என் வேலையானது. பேப்பர் படிக்க நேரமில்லாமல் போனது. உன் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். நீ தெரிந்தேதான் அதை விட்டுக்கொடுத்தாய் என்று இப்போது புரிகிறது. நான்தான் செய்தேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என்னை அந்த ஷெட் பக்கமே விட்டிருக்க மாட்டாள். நான் மறுபடியும் கூடத்துக்கும் பேப்பருக்கும் போயிருப்பேன். நீ வேலைக்குப் போகிறவள், கல்யாணம் ஆகிப் போகிறவள், உனக்கு வேறு இடம் இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறாய். சரிதானே?

சரியாகவே இருந்தாலும் அது தப்பு, பாப்பா. அப்பா என்ற முறையில் உனக்கு ஒரே ஒரு புத்திமதிதான் சொல்லப்போகிறேன், அதையும் உன்னைத் திட்டிக்கொண்டே சொல்கிறேன். அடுத்தவர் தப்பை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளாதே. அப்பாவுடையதாக இருந்தாலும் வேண்டாம், மாப்பிள்ளையுடையதாக இருந்தாலும் வேண்டாம், நாளைக்கு உன் பிள்ளைகளுடையதாக இருந்தாலும் வேண்டாம். நீ எனக்கு நல்லது செய்ததாக நினைத்தாய். என்ன நடந்தது பார். நான் கோழையாகவே இருந்துவிட வசதி செய்துகொடுத்தாய். அம்மா தன் மகளைப் பார்த்துத் தினமும் கொஞ்சம் பயந்தாள். உனக்கு எது கைவந்ததோ அதை நீயே தலைமுழுகினாய். ஒரு நல்ல அடுப்பு துருப்பிடித்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அப்பா, கயிறு உங்களுதுதானே? நீங்களே சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் யோசிப்பேன்.

மறுவீட்டுக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. எல்லோருக்கும் காபி போடுகிறேன் என்று நீ பழக்கத்தில் எழுந்து உள்ளே போனாய். அம்மா வாசல்படியில் மறித்தமாதிரி நின்று, "நீ உக்காரு" என்றாள். மாப்பிள்ளை, புதுப் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று சிரித்தார். நீ சிரித்துக்கொண்டே வந்து, கூடத்துச் சோபாவில் விருந்தாளிகள் உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்தாய். அம்மா என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நம் மூன்று பேருக்கும் தெரியும். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. முறுக்குத் தட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

ஆனால் பெட்டியில் அந்தக் கயிற்றைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தைச் சுமக்க என்னால் முடிந்தது. நீயும் தெரிந்துகொண்டு சுமந்தாய் என்றதும் ஒரு பொழுதுகூட முடியவில்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் போன பிறகு, அம்மா கையலம்பிக்கொண்டிருந்தபோது போய்க் கயிற்றை நீட்டினேன். என் கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்துக் காட்டினேன். பொருந்தி உட்கார்ந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். "அன்னிக்கே தெரியும்" என்றேன். ஈரக்கையைத் துடைக்காமலேயே மாவு டிரம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தான் செத்துப் பிழைத்ததற்கு அழவில்லை, என் பொண்ணை விருந்தாளியாக்கினேனே என்றுதான் அழுதாள்.

பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் செல்வி மூலமாகச் சொல்லி அனுப்பினாள். நான் ஷெட்டின் இந்த ஓரம், அவள் அந்த ஓரம், நடுவில் செல்வி. "தேங்காய் துருவணும்னு சார்கிட்ட சொல்லு." "துருவியாச்சுன்னு அக்காகிட்ட சொல்லும்மா." இரண்டாம் நாள் செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா சார் இது! ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்குள்ள கீறீங்க, நடுவுல நான் இன்னா தபால்காரியா? கொய்ந்தைங்க மாரி சண்டை போட்டுகினு! நான் சட்னி அரைக்க வந்தனா, உங்க பஞ்சாயத்து பண்ண வந்தனா?" என்று பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "அந்த அடுப்பை வெளிய எடுங்க" என்றாள். இரண்டு நாளில் எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

முந்தாநாள் உன் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். என் அனுபவத்தை நம்பவில்லை. நீ வரைந்தது வரைந்தபடி. முகக்கவசம் போட்டேன், கையுறை போட்டேன், முழுக்கைச் சட்டை போட்டேன். நம்பு. அம்மா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து காவல் காத்தாள்; முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினாலும், "ஏத்துங்க" என்று குரல் வந்தது. பழைய கம்பளி ஈரத்தில் கெட்டுப்போயிருந்ததால் புதிதாக வாங்கிச் சுற்றினேன். விளிம்பில் சிமெண்ட் பூசி ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகுதான் நேற்று பற்றவைத்தேன். மேல் வரிசைத் துளைகளில் ஒட்டியிருந்த என் சிமெண்ட் சில்லுகளை உன் டிரில்லால் ஒவ்வொன்றாக எடுத்தேன். சொல்லிவைக்கிறேன், நன்றாகத்தான் பூசியிருந்தேன், போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. எல்லாத் துளைகளும் திறந்த பிறகு காற்றாடியைப் போட்டு, ஒவ்வொரு துளைக்கும் எதிரே ஊதுபத்தி பிடித்து, புகை ஒதுங்குகிறதா என்று பார்த்தேன். ஒதுங்கியது. குச்சியைக் கொட்டிப் பற்றவைத்தேன். முதலில் கொஞ்சம் தயங்கியது, பிறகு அந்த மஞ்சள் நாக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நடுவில் சேர்ந்தன. இவ்வளவு நாள் நான் கசிவு என்று நினைத்த இடத்தில்தான் உன் அடுப்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

உன் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் நேற்றுதான் பார்த்தேன். "எரியும்போது கதவும் ஜன்னலும் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்" என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நாங்கள் யாரும் அந்தப் பக்கம்வரை புரட்டவே இல்லை. அதையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நாளைக்குக் கொத்தனார் வந்து ஷெட்டின் பின்சுவரில் பெரிய ஜன்னல் வைக்கிறார், மூடவே முடியாத கம்பி ஜன்னல். அடுப்புக்கு மேலே புகைக்கூண்டும் வருகிறது. மழைச் சாரல் அடித்தால் மாவைத்தான் நகர்த்த வேண்டும், ஜன்னலைச் சாத்தக் கூடாது என்று அம்மாவே சட்டம் போட்டுவிட்டாள். என்னை ஷெட்டைவிட்டு விரட்டவில்லை. "தேங்காய் துருவறதுக்கு ஆள் வேணுமில்ல" என்றாள். அவள் வாயால் அவ்வளவு சொன்னதே எனக்குப் போதும். நேற்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் காலையில் செல்வி வந்து கதவைத் தட்டும்வரை அசையாமல் தூங்கியிருக்கிறேன். இப்படித் தூங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது.

டூல் பாக்ஸை யாருக்கும் கொடுக்கவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். கயிற்றை மட்டும் உனக்குத் திருப்பித் தரமாட்டேன். அதை அம்மா எடுத்து, ஷெட்டில் காலண்டர் மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டாள். தேங்காய் துருவ உட்கார்ந்தால் எனக்கு நேர் எதிரே தெரிகிறது. வேண்டுமென்றுதான் அங்கே மாட்டியிருக்கிறாள். மாட்டட்டும்.

உத்தரவுப்படி இவ்வளவையும் இப்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கறிவேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன அந்த வார்த்தை வந்ததும் கை நின்றுவிட்டது. "அதை அடிச்சிடுங்க" என்றாள். "நடந்ததை எப்படி அடிக்கிறது? நீதானே எல்லாத்தையும் எழுதச் சொன்ன" என்றேன். மறுபடியும் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டாள். அண்டாவில் நேற்று தண்ணீர்தான் கொதித்தது, அரிசி போடவில்லை. முதல் உலையை இன்னும் வைக்கவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை. இப்போது அவளே சொன்னாள். அவள் சொன்னது சொன்னபடியே கீழே எழுதுகிறேன்.

"ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்லுங்க. அடுப்பை அவதான் பத்தவைக்கணும். நான் கூடத்துல உக்காந்துக்கறேன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா